11 கோப்பை, 8 அணிகள்: பாஸ்டன் செல்டிக்ஸ் கணக்கு சரிதானா?

கேள்விக்குறி எழுதியது:

வணக்கம். நான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவைத் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகிறது. 2024 ஜூனில் செல்டிக்ஸ் டல்லாஸை 4-1 என்று வென்றபோது "18ஆவது கோப்பை" என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார்கள். போய்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 18இல் 11 கோப்பைகள் 1957க்கும் 1969க்கும் நடுவில் வந்தவை. 13 பருவங்களில் 11! அசந்துபோனேன். அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. 1957இல் லீக்கில் இருந்ததே 8 அணிகள். இப்போது 30.

எட்டுப் பேர் ஓடிய பந்தயத்தையும் முப்பது பேர் ஓடிய பந்தயத்தையும் ஒரே நூலில் கோத்து 18 என்று எண்ணலாமா? வம்புக்கு இழுக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஊதாமஞ்சள் எழுதியது:

வாங்க தம்பி வாங்க. இத்தனை நாள் இங்கே நான் தனியாளாகக் கத்திக்கொண்டிருந்தேன். லேக்கர்ஸ் விசிறி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் 8 அணியில் 6 அணி பிளேஆஃபுக்கு, அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்களுக்கு, போய்விடும். பிரிவில் முதலிடம் பிடித்தால் முதல் சுற்று ஆடவே வேண்டாம். இரண்டே தொடர் ஜெயித்தால் கோப்பை கையில். இப்போது நான்கு தொடர், 16 வெற்றி வேண்டும். 1976 கோடையில் போட்டி லீக்கான ஏபிஏவின் அணிகள் வந்து சேர்ந்த பிறகு எண்ணிப் பாருங்கள்: லேக்கர்ஸ் 11, செல்டிக்ஸ் 5. முடிந்தது கதை.

ஒரே ஒரு நிபந்தனை. இந்த இழையில் 1969ஐ யாரும் எடுக்கக் கூடாது.

பச்சைக்கொடி எழுதியது:

ஊதா அண்ணே, அதே கத்தியை உங்கள் பக்கமும் வையுங்கள். லேக்கர்ஸின் 17 கோப்பையில் 5 மினியாபொலிஸில் வென்றவை, 1949 முதல் 1954 வரை. லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு ஏரிப் பெயர் வந்ததே மினசோட்டா ஏரிகளால்தான். 1960இல் ஊர் மாறியபோது பெயரையும் கோப்பைகளையும் சேர்த்தே மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஐந்துமே 24 நொடிக் கடிகாரம் (அதற்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி) வருவதற்கு முந்தியவை. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி உங்கள் மினியாபொலிஸை 19-18 என்று வென்றது. கால் ஆட்ட ஸ்கோர் இல்லை, முழு ஆட்டத்தின் ஸ்கோர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்களாம். அதையெல்லாம் எண்ணலாம், அந்த 11 கோப்பையிலும் ஆடிய எங்கள் பில் ரஸ்ஸலின் காலத்தை எண்ணக் கூடாதா?

ஊதாமஞ்சள் எழுதியது:

சரி, அந்த ஐந்தையும் கழித்துவிடுங்கள். எனக்கு 12 இருக்கிறது, உங்களுக்கு 7. நான் தயார்.

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

இரண்டு பேருமே "8 அணி என்றால் சுலபம்" என்பதை ஒப்புக்கொண்டு பேசுகிறீர்கள். அந்த இடத்தையே நான் கேள்வி கேட்பேன்.

8 அணி என்றால் நாடு முழுக்க நூறு பேருக்குள்தான் வேலை. இன்று 450 பேர். அப்போது பத்தாவது ஆளாக பெஞ்சில் உட்கார்ந்தவர் இன்றைய கணக்கில் ஏதோ ஒரு அணியின் முதல் ஐந்தில் இருப்பார். "இன்றைக்கு எதிரணி சுமார்தான்" என்று மூச்சு விட முடியாது. பில் ரஸ்ஸலும் எதிரணி நட்சத்திரம் வில்ட் சேம்பர்லினும் 10 பருவங்களில் 140 முறைக்கு மேல் நேருக்கு நேர் மோதினார்கள். இன்று இரண்டு பெரிய சென்டர்கள் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்கள்) வருடத்துக்கு நாலு தடவை சந்தித்தால் அதிகம். அதோடு 8 அணி என்பதும் கடைசிவரை 8 இல்லை. 1961இல் 9 ஆனது, 1966இல் 10, 1967இல் 12, ரஸ்ஸலின் கடைசிப் பருவத்தில் 14.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை சும்மா உட்கார்ந்து போட்டது. ஏழு ஆட்டத் தொடர் 3-3 என்று நின்றால் 7ஆவது ஆட்டம்தான் தீர்ப்பு.

1957 இறுதி, 7ஆவது ஆட்டம்: செல்டிக்ஸ் 125, செயின்ட் லூயிஸ் 123. இரண்டு ஓவர்டைம்.
1962 கிழக்கு இறுதி, 7ஆவது ஆட்டம்: 109-107, சாம் ஜோன்ஸின் கடைசி நேர ஷாட்.
1962 இறுதி, 7ஆவது ஆட்டம்: 110-107, ஓவர்டைம். லேக்கர்ஸின் ஃபிராங்க் செல்வி கடைசி நொடியில் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போனது. ரஸ்ஸல் அன்று 30 புள்ளி, 40 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது).
1965 கிழக்கு இறுதி, 7ஆவது ஆட்டம்: 110-109. செல்டிக்ஸின் ஹாவ்லிசெக் கடைசி நொடிகளில் பந்தைப் பறித்தது இதில்தான்.
1966 இறுதி, 7ஆவது ஆட்டம்: 95-93.
இந்தப் பட்டியலின் ஆறாவது வரியை ஊதாமஞ்சள் கேட்டுக்கொண்டபடி சொல்லவில்லை. வித்தியாசம் 2 புள்ளி.

கூட்டிப் பாருங்கள்: 2+2+3+1+2+2. ஆறு ஆட்டத்துக்கும் சேர்த்து 12 புள்ளி. இந்த 12 புள்ளி இடம் மாறியிருந்தால் 11இல் ஐந்து கோப்பை போயிருக்கும். சுலபமான காலம் என்றால் வித்தியாசம் இப்படியா இருக்கும்?

கேள்விக்குறி எழுதியது:

ஐயா, பிரமாதமான கணக்கு. ஆனால் இதையே திருப்பிப் போட்டால் வெறும் அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாமே?

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

ஒரு ஆட்டத்துக்குச் சொல்லலாம். என்பிஏவில் ரஸ்ஸல் ஆடிய ஏழாவது ஆட்டங்கள் மொத்தம் பத்து. பத்திலும் வெற்றி. நாணயத்தைச் சுண்டிப் பத்து முறை தலை விழுந்தால் நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டாமா?

பச்சைக்கொடி எழுதியது:

அதிர்ஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ரஸ்ஸல் பாஸ்டனுக்கு எப்படி வந்தார் என்று பாருங்கள்.

1956 டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் வாய்ப்பு ரோச்செஸ்டர் ராயல்ஸுக்கு, இரண்டாவது செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கு. செல்டிக்ஸ் உரிமையாளர் வால்டர் பிரௌன் 'ஐஸ் கேப்பேட்ஸ்' என்ற பனிச்சறுக்குக் காட்சிக் குழுவிலும் பெரிய புள்ளி. "ரஸ்ஸலை விட்டுவிடு, உன் அரங்கத்துக்கு அந்தக் காட்சியை அனுப்புகிறேன்" என்று ராயல்ஸிடம் பேசி முடித்ததாகக் கதை. ராயல்ஸ் சிஹூகோ கிரீனை எடுத்தார்கள். இரண்டாவது வாய்ப்புக்குப் பதிலாக எட் மெக்காலியையும் கிளிஃப் ஹேகனையும் ஹாக்ஸுக்குக் கொடுத்தார் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக். அதே டிராஃப்டில் டாமி ஹைன்ஸன், கே.சி. ஜோன்ஸ். ஒரே நாளில் மூன்று ஹால் ஆஃப் ஃபேம் (கூடைப்பந்தின் கௌரவப் பட்டியல்) ஆட்டக்காரர்கள்!

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

ஐஸ் காட்சிக் கதையை ரெட் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரியும். ரெட் நல்ல கதைசொல்லி. ராயல்ஸிடம் ஏற்கெனவே மாரிஸ் ஸ்டோக்ஸ் இருந்தார், ரஸ்ஸலுக்குப் பெரிய தொகை கொடுக்க அவர்களிடம் பணமும் இல்லை. அந்தக் காரணமே போதும். ஐஸ் காட்சி கறிவேப்பிலை மாதிரி, வாசனைக்கு.

மெக்காலி விஷயம்தான் உண்மையிலேயே மனதைத் தொடுவது. அவர் செயின்ட் லூயிஸ்காரர், அவருடைய சின்னப் பையனுக்கு மூளைக்காய்ச்சல். ஊரோடு இருந்தால் நல்லது என்று அவரே விரும்பினார். அது இல்லாவிட்டால் இந்த மாற்றத்துக்கு பிரௌன் சம்மதித்திருக்க மாட்டார். 1958இல் ரஸ்ஸலுக்குக் கணுக்கால் பிசகியபோது அதே ஹேகனும் மெக்காலியும் இருந்த ஹாக்ஸ்தான் இறுதியில் செல்டிக்ஸைத் தோற்கடித்தது. கடைசி ஆட்டத்தில் ஹாக்ஸின் பாப் பெட்டிட் 50 புள்ளி.

ரஸ்ஸலோடு ஆடிய பாப் கூஸி செல்டிக்ஸுக்கு வந்த கதை தெரியுமா? 1950இல் சிகாகோ ஸ்டாக்ஸ் அணி மூடப்பட்டது. மீந்த மூன்று பேரின் பெயரைத் தொப்பியில் போட்டு மூன்று அணிகள் எடுத்தன. பாஸ்டன் கையில் வந்தது கூஸி. சொந்த ஊர்ப் பையன் என்பதற்காக எடுக்க முடியாது என்று டிராஃப்டில் அவரை வேண்டாம் என்றவர் இதே ரெட்!

கேள்விக்குறி எழுதியது:

ரஸ்ஸல் அப்படி என்னதான் செய்தார்? புள்ளிக் கணக்கில் வில்ட் பக்கத்தில்கூட வரமாட்டாரே?

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

பலர் பிளாக் செய்தால், அதாவது எதிராளி எறியும் பந்தைத் தடுத்தால், அதைக் கூட்டத்துக்குள் அறைவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், பந்து மறுபடி எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் மெதுவாகத் தட்டுவார், பந்து தன் ஆள் கையில் விழும். கூஸி அதை வாங்கி ஓட ஆரம்பித்தால் மூன்று நொடியில் எதிர்ப்பக்கம் கூடை. தடுப்பாட்டத்தையே தாக்குதலாக மாற்றியவர். வருத்தம் என்னவென்றால் பிளாக்கை எண்ணும் வழக்கமே 1973-74இல்தான் வந்தது. அவர் கணக்கு காற்றோடு போயிற்று. ரீபவுண்ட் மட்டும் இருக்கிறது: ஆட்டத்துக்கு 22.5.

நெறியாளர்:

லெப்ரானா ஜோர்டனா என்ற 14 பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை இருக்கிறது. தயவுசெய்து.

நிலாமுற்றம் எழுதியது:

ஸ்கோர்ஷீட் ஐயாவின் "நூறு பேருக்குள் வேலை" வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த நூறு பேர் நாட்டின் மிகச் சிறந்த நூறு பேர் இல்லை. ஒரு அணிக்கு இத்தனை கறுப்பர்தான் என்று எழுதாத விதி ஒன்று அந்த லீக்கில் வெகுநாள் இருந்தது. செல்டிக்ஸ் ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களை அவர்கள் எடுத்ததுதான்.

1950 டிராஃப்டின் இரண்டாவது சுற்றில் வால்டர் பிரௌன் சக் கூப்பர் பெயரைச் சொன்னார். என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் கறுப்பின ஆட்டக்காரர். 1964 டிசம்பர் 26 அன்று ஹைன்ஸனுக்குக் காயம், அவர் இடத்தில் வில்லி நால்ஸ் இறங்கினார். ரஸ்ஸல், சாம் ஜோன்ஸ், கே.சி. ஜோன்ஸ், டாம் சாண்டர்ஸ், நால்ஸ். ஐந்து பேரும் கறுப்பர்கள், லீக்கில் அதுவே முதல் முறை. 1966இல் ரெட் ஒதுங்கியபோது ரஸ்ஸல் ஆடிக்கொண்டே பயிற்சியாளரும் ஆனார். என்பிஏவின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்.

இதெல்லாம் அணிக்குள்ளே. வெளியே? 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஒரு காட்சி ஆட்டம். ஹோட்டல் காபிக் கடையில் சாம் ஜோன்ஸுக்கும் சாண்டர்ஸுக்கும் சாப்பாடு தர மறுத்தார்கள். ரஸ்ஸலும் மற்ற கறுப்பின வீரர்களும் ஆடாமல் விமானம் ஏறித் திரும்பிவிட்டார்கள். சரி, அது தெற்கு என்பீர்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரெடிங்கில் ரஸ்ஸல் வீட்டுக்குள் புகுந்து சுவரெல்லாம் இன வசவு எழுதிவிட்டு, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். கோப்பை மேல் கோப்பையாக அவர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஊர் அது.

தான் ஆடியது செல்டிக்ஸுக்காக, பாஸ்டனுக்காக இல்லை என்று ரஸ்ஸல் பிரித்துச் சொல்வார். 1972இல் அவருடைய 6ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தபோது கூட்டத்தை உள்ளே விடும் முன், பழைய தோழர்கள் மட்டும் நிற்க, அந்தக் கொடியை ஏற்றச் சொன்னார். எத்தனை கோபம் இருந்திருக்க வேண்டும்!

பச்சைக்கொடி எழுதியது:

அக்கா சொன்னதை மறுக்க மாட்டேன். நான் பாஸ்டன் பக்கத்தில் குவின்ஸியில் பதினோரு வருடமாக இருக்கிறேன், இங்கே இதைப் பேச ஆரம்பித்தால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒன்றைச் சேர்க்கிறேன். செல்டிக்ஸ் ஆடிய பாஸ்டன் கார்டன் அரங்கில் கிட்டத்தட்ட 13,900 இருக்கை. தொடர்ந்து எட்டு வருடம் கோப்பை வென்ற செல்டிக்ஸுக்கு அது பெரும்பாலும் நிரம்பவில்லை. அதே கட்டடத்தில் ஹாக்கி ஆடிய ப்ரூயின்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்குக் கூட்டம் நெரிந்தது.

1999இல் அந்த எண்ணுக்கு மறுபடி விழா எடுத்தார்கள், இந்த முறை கூட்டத்தின் முன்னால். 2013இல் நகர மன்றத் திடலில் சிலை. 2022இல் ரஸ்ஸல் இறந்த பிறகு லீக் முழுவதிலும் 6ஆம் எண்ணை ஓய்வாக்கினார்கள்.

ஊதாமஞ்சள் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு உடனே சண்டை போட மனம் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்த வரலாறு இருக்கும் அணி எண்பதுகளில் "வெள்ளையர் அணி" என்று பெயர் வாங்கியது எப்படி? 1985-86 அணியில் 12 பேரில் 8 வெள்ளையர்.

நிலாமுற்றம் எழுதியது:

உண்மைதான். பயிற்சியாளர் மட்டும் கே.சி. ஜோன்ஸ், அந்த 1964 ஐவரில் ஒருவர். செல்டிக்ஸின் வெள்ளையர் லாரி பேர்ட் ஒரு பக்கம், லேக்கர்ஸின் கறுப்பர் மேஜிக் ஜான்சன் இன்னொரு பக்கம் என்று தொலைக்காட்சி இதை வைத்தே வியாபாரம் செய்தது. பாஸ்டனிலேயே லேக்கர்ஸுக்குக் கைதட்டிய கறுப்பினக் குடும்பங்கள் உண்டு. அவர்களை யார் குறை சொல்ல முடியும்?

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

பேர்ட் வந்ததும் ஒரு ரெட் தந்திரம். 1978 டிராஃப்டில் ஆறாவதாக எடுத்தார், பையன் இன்னும் ஒரு வருடம் கல்லூரியில் ஆடப் போகிறான் என்று தெரிந்தே. மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. அப்புறம் இப்படி முன்கூட்டியே எடுக்க விட்ட விதியையே லீக் மாற்றியது. 1978-79இல் 29 வெற்றி பெற்ற அணி அடுத்த பருவத்தில் 61.

1980இல் கோல்டன் ஸ்டேட்டுக்கு முதல் வாய்ப்பையும் 13ஆவது வாய்ப்பையும் கொடுத்து ராபர்ட் பாரிஷையும் மூன்றாவது வாய்ப்பையும் வாங்கினார். அந்த மூன்றாவதுதான் கெவின் மெக்ஹேல். கோல்டன் ஸ்டேட் விசிறி யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவும். 1981, 1984, 1986 என்று மூன்று கோப்பை. 1985-86இல் சொந்த ஊரில் 40 வெற்றி, ஒரே தோல்வி.

1984 இறுதியின் 5ஆவது ஆட்டம் என்னால் மறக்க முடியாதது. கார்டனில் ஏசி கிடையாது. உள்ளே 97 டிகிரி ஃபாரன்ஹீட். லேக்கர்ஸின் கரீம் அப்துல்-ஜப்பார் பெஞ்சில் உட்கார்ந்து ஆக்ஸிஜன் முகமூடி வைத்துக்கொண்டார். பேர்ட் 34 புள்ளி எடுத்தார்.

ஊதாமஞ்சள் எழுதியது:

ஏசி இல்லாதது, எதிரணி உடைமாற்றும் அறையில் சுடுதண்ணீர் வராதது எல்லாம் ரெட்டின் வேலை என்று எங்கள் பக்கம் இன்றும் நம்புகிறார்கள். 1985இல் அதே கார்டனில் போய்க் கோப்பையைத் தூக்கியதும் நாங்கள்தான். அதையும் எழுதுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

1986க்கு அப்புறம் 2008 வரை ஒன்றுமே இல்லையே, என்ன ஆனது?

பச்சைக்கொடி எழுதியது:

இரண்டு மரணங்கள். 1986 ஜூன் 17இல் இரண்டாவது வாய்ப்பில் லென் பயஸை எடுத்தார்கள். 19ஆம் தேதி காலை அவர் உயிரோடு இல்லை. கொக்கெய்ன். 22 வயது. பிறகு ரெஜி லூயிஸ் தலையெடுத்தார். 1993 ஏப்ரலில் பிளேஆஃப் ஆட்டத்தின் நடுவே தரையில் விழுந்தார், ஜூலையில் பயிற்சியின்போது இதயம் நின்றது. 27 வயது. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்குப் பிடிக்காது.

மற்றது வழக்கமான சறுக்கல். 1996-97இல் 15 வெற்றி, 67 தோல்வி. டிம் டங்கன் கிடைப்பார் என்று காத்திருந்தார்கள், டிராஃப்டில் யாருக்கு முதல் வாய்ப்பு என்று தீர்மானிக்கும் குலுக்கலில் அவர் சான் அன்டோனியோ போனார். 2007இலும் அதே கதை, 18 ஆட்டம் தொடர்ந்து தோற்று, குலுக்கலில் ஐந்தாவது இடம். அந்த ஐந்தாவது இடத்தை வைத்து செல்டிக்ஸின் அப்போதைய நிர்வாகி டேனி எய்ஞ்ச் ரே ஆலனை வாங்கினார், பிறகு மினசோட்டாவிலிருந்து கெவின் கார்னெட். மினசோட்டாவில் கையெழுத்திட்டது யார் தெரியுமா? கெவின் மெக்ஹேல்! 24 வெற்றி 66 ஆனது. இறுதியில் லேக்கர்ஸ். 6ஆவது ஆட்டம் 131-92.

ஊதா அண்ணே, 2010இல் ஏழாவது ஆட்டத்தில் 83-79 என்று நீங்கள் பழி தீர்த்ததையும் நானே சொல்லிவிடுகிறேன்.

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

2013 வியாபாரத்தை விட்டுவிட்டாய் தம்பி. வயதான கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்து டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கினார் எய்ஞ்ச். அதில் ஒன்று 2016இல் ஜேலன் பிரௌன் ஆனது. 2017இல் கிடைத்த முதல் வாய்ப்பை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாவதையும் இன்னொரு வருங்கால வாய்ப்பையும் வாங்கினார். மூன்றாவதாக வந்தவர் ஜேசன் டேட்டம். 2024 கோப்பை அந்த இரண்டு பேர்மேல் நின்றது. பெட்டிட், மெக்காலி காலத்து ரெட்டின் அதே சந்தைக்கடை மூளை.

கேள்விக்குறிக்கு ஒன்று: 2024 பயிற்சியாளர் ஜோ மஸூல்லாவுக்கு வயது 35. அத்தனை சின்ன வயதில் ஒரு பயிற்சியாளர் கோப்பை வென்றது அதற்கு முன் கடைசியாக எப்போது என்று தேடிப் பார். ரஸ்ஸல். வருடம் சொல்லக் கூடாது என்று இங்கே தடை இருக்கிறது.

கேள்விக்குறி எழுதியது:

ஐயோ, அந்த 1969இல் என்னதான் நடந்தது? யாராவது சொல்லிவிடுங்களேன். 18 என்று எண்ணுவதில் எனக்கு இனி ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்த 12 புள்ளியில் இது ஒன்றுதான் பாக்கி.

ஊதாமஞ்சள் எழுதியது:

பச்சைக்கொடி சொன்னால் சிரித்துக்கொண்டே சொல்வார். அதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஜெர்ரி வெஸ்ட் அதற்கு முன் ஐந்து முறை இறுதியில் பாஸ்டனிடம் தோற்றிருந்தார். இந்த முறை வில்ட் எங்களிடம், எல்ஜின் பெய்லர் எங்களிடம், ஏழாவது ஆட்டம் எங்கள் ஃபோரம் அரங்கில். செல்டிக்ஸ் கிழக்கில் நான்காவதாக வந்த வயதான அணி. எங்கள் உரிமையாளர் ஜாக் கென்ட் குக் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களை வலையில் கட்டி வைத்தார். ஜெயித்ததும் பலூன் கொட்டும், பேண்டு வாசிக்கும் என்று நிகழ்ச்சி நிரல் தாளே அச்சடித்தார்கள். அந்தத் தாள் ரஸ்ஸல் கையில் கிடைத்தது. தன் ஆட்களுக்கு அதைக் காட்டினார். வேறு பேச்சு எதற்கு?

நான்காவது கால் ஆட்டத்தில் 17 புள்ளி பின்தங்கினோம். வெஸ்ட் தொடைத் தசை இழுத்துக் கட்டுப்போட்டபடி ஆடி ஆட்டத்தை மீட்டுக்கொண்டு வந்தார். வில்ட் முழங்கால் வலியால் வெளியே போனார், பிறகு வருகிறேன் என்று கேட்டார், பயிற்சியாளர் விடவில்லை. அந்த முடிவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் செல்டிக்ஸின் டான் நெல்சன் எறிந்த பந்து வளையத்தின் பின்விளிம்பில் அடித்து, உயரக் கிளம்பி, நேராக உள்ளே விழுந்தது. 108-106. பலூன்கள் கூரையிலேயே தொங்கின.

வெஸ்ட் அன்று 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட் (தோழர் கூடை போட வழி செய்த பாஸ்). இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது முதன்முதலாக அந்த வருடம்தான் கொடுக்கப்பட்டது. தோற்ற அணியில் இருந்துகொண்டு அதை வாங்கியவர் இதுவரை அவர் ஒருவர்தான். பரிசாக ஒரு டாட்ஜ் சார்ஜர் கார் கொடுத்தார்கள்.

பச்சை நிறக் கார்.